வலன்ரைனின் விலா எலும்பு

கொழும்பு கொட்டாஞ்சேனை உதைபந்துக் கிளப்பின் கோல் கீப்பர் வலன்ரைனுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்ததிலிருந்து அவனுடைய வீட்டு முன்னறைதான் கிளப் ஆட்கள் கூடிப் பேசும் கந்தோராகிவிட்டது. சாய்வு நாற்காலியை விட்டு எழும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். சுகம் விசாரிப்பது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு எல்லாம் ஷிப்லியைப் பற்றிய கதைதான்.

ஷிப்லி வெள்ளவத்தைப் பையன். கொலிஜ் டீமின் சென்ரர் போர்வேட். வலன்ரைனின் எலும்பை முறித்தவனும் அவனே. சிநேகித மாட்ச் ஒன்றில், பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்து நின்ற வலன்ரைனை ஓடி வந்து தோளால் இடித்தான். பந்து கையில் இருக்கும் கோல் கீப்பரை இடிக்க அந்தக் காலத்து ஆட்டச் சட்டம் இடம் கொடுத்தது. ரெஃப்ரி விசில் ஊதவில்லை.

இந்த வருஷத்தோடு ஷிப்லியின் கொலிஜ் படிப்பு முடிகிறது. கொம்பனித்தெருக் கிளப் ஏற்கெனவே அவனைக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டது. கொட்டாஞ்சேனையும் அவனை எடுக்கலாம். ஆனால் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. தங்கள் ஆட்டக்காரனைக் காயப்படுத்தியவனைச் சேர்ப்பதென்றால், காயப்பட்டவன் சம்மதித்து 'ஓம்' சொல்ல வேண்டும்.

வலன்ரைன் அந்தப் பொறுப்பை மனைவியின் தலையில் போட்டுவிட்டான். "றோஸியைக் கேளுங்கோ. நோவு எனக்கு. நித்திரை இல்லாமக் கிடந்தது அவள்."

றோஸி இன்னும் வாய் திறக்கவில்லை. எலும்பு பொருந்தியதும் இந்த மனுஷன் மறுபடி கோல் கம்பத்துக்கு நடுவில் போய் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தோள் இன்னொரு தடவை வந்தால் என்ன செய்வது என்பதே அவளுடைய பயம்.

அன்று தபசுகால வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் கிளப் செயலாளர் றேமண்டும் வலது பக்கம் ஆடும் கிளறன்ஸும் நேரே வலன்ரைன் வீட்டுக்கு வந்தார்கள். றோஸி வெறும் தேத்தண்ணி கொடுத்தாள்.

"அவனுக்குப் பாஸ் குடுக்கத் தெரியாது, ஐசே," என்றான் கிளறன்ஸ். "பந்து காலில பட்டா மாடு மாதிரி நேர ஓடுறான்."

"அந்த மாடு கோல் அடிக்குது. நீ கடைசியா எப்ப அடிச்சனி?" என்றார் றேமண்ட்.

"நான் அடிக்கக் குடுக்கிறவன். சரி, அவன்ர சப்பாத்தைக் கழட்டிப் பாருங்கோ. நாங்க வெறுங்காலில விளையாடுற ஆக்கள். கொலிஜ் பிள்ளைக்கு இந்தத் தரையில ரெண்டு அடி வைக்கேலாது."

"வெள்ளவத்தைக் கடற்கரையில ஓடி வளந்தவன். உன்ர காலை விட அவன்ர கால் தடிப்பு," என்றார் றேமண்ட். "எதிராளி பந்தை எடுக்க முந்தி அங்க போய் நிக்கிறான். அந்த வேகம் கொழும்பில வேற ஆருக்கு இருக்கு?"

வலன்ரைன் மெதுவாக மூச்சை இழுத்தான். "ஒண்டு சொல்லட்டா? என்னை இடிக்கேக்க அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தவன்."

பையனுக்குப் பரிந்து பேசுவதாகத்தான் அவன் நினைத்தான். ஆனால் கிளறன்ஸ் தொடையில் அடித்துச் சிரித்தான். "கண்ணை மூடிக்கொண்டு ஓடுற போர்வேட்! றேமண்ட் அண்ணை, அவனைக் கொம்பனித்தெருவுக்கே விட்டுக் குடுங்கோ."

றேமண்டின் முகம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஷிப்லியே வந்து நின்றான். கையில் டிபன் கரியர். அவனுக்கு முன்னாலேயே அதன் வாசனை உள்ளே வந்துவிட்டது.

"உம்மா தந்து விட்டாங்க," என்றான். "ஜும்ஆ நாளில எங்கட வீட்டில ஆட்டிறைச்சிப் புரியாணி. அண்ணனுக்குத் தெம்பு வரும் என்டு சொன்னாங்க."

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் இறைச்சி இல்லை. தபசுகாலத்தில் கேட்கவே வேண்டாம். கிளறன்ஸ் விட்டத்தைப் பார்த்தான். அவன் காலையிலிருந்து ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான்.

றோஸி கரியரை வாங்கினாள். அடிப் பாத்திரம் இன்னும் சுட்டது. வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, டிராமில் நெரிபட்டு, சூடு ஆறாமல் கொண்டுவந்திருக்கிறான். பக்கத்து வீட்டு மயிலம்மாவிடம் கொடுக்கலாமென்றால் அவளுக்கும் வெள்ளி விரதம். இந்த ஒழுங்கையில் இன்று இதைச் சாப்பிடக்கூடிய ஆள் ஒருவன்தான்.

"இரு தம்பி," என்றாள். "நீ சாப்பிடு."

"எனக்கில்ல அக்கா, அண்ணனுக்கு..."

"அண்ணன் நாளைக்குச் சாப்பிடுவார். இண்டைக்கு எங்களுக்கு இறைச்சி இல்லாத நாள்."

பையனின் முகம் கறுத்துப்போனது. "எங்களுக்குத் தெரியாமப் போச்சு அக்கா. உம்மா பாவம், விடியத்தில இருந்து..."

"உம்மாட்ட ஒண்டும் சொல்லாத. நல்லா இருந்தது எண்டு சொல்லு. அதுக்கு நீ சாப்பிட்டுப் பாக்க வேணும்தானே."

வலன்ரைனுக்கென்று ஒரு பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, மற்றதைப் பீங்கானில் போட்டுக் கொடுத்தாள். ஷிப்லி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கிளறன்ஸ் அவன் கை போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவாத் தின்னடா தம்பி. நான் மணந்தாவது பாக்கிறன்."

ஷிப்லி முதல் தடவையாகச் சிரித்தான். பிறகு றோஸியைப் பார்த்து, "அண்ணன் இப்ப நிமிந்து படுக்கிறாரா அக்கா?" என்று கேட்டான்.

நிமிர்ந்து படுக்க முடியாமல் வலன்ரைன் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்ததை இவ்வளவு பேரில் யாரும் கேட்டதில்லை. றோஸி அவன் எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"படுக்கிறார். நீ ஏன் கண்ணை மூடுறனீ?"

சோற்றில் விரல்கள் நின்றன. அவன் வலன்ரைனைப் பார்த்தான். பிறகு பீங்கானைப் பார்த்தான்.

"முன்னுக்கு நிக்கிறவங்கட முகத்தைப் பாத்தா எனக்குக் கால் ஓடாது அக்கா. அதால மூடிக்கிறது. கோச்சுக்குத் தெரியா."

கிளறன்ஸ் சிரிக்க வாயெடுத்து மூடிக்கொண்டான். இனி இவனை எந்தக் கிளப்பும் தொடாது என்று நினைத்துக்கொண்டு றேமண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"றேமண்ட் அண்ணை," என்றாள் றோஸி, "இவனை எடுங்கோ."

"றோஸி, இப்ப அவனே சொன்னதைக் கேட்டனீதானே..."

"கேட்டனான். கொம்பனித்தெருவுக்குப் போனா இவன் திரும்பவும் இவரை நோக்கித்தான் ஓடி வருவான், கண்ணை மூடிக்கொண்டு. இங்க எண்டா ரெண்டு பேரும் ஒரு பக்கம்."

"மற்றக் கிளப் கோல் கீப்பர்மார்?" என்றான் வலன்ரைன் நாற்காலியிலிருந்து.

றோஸி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்களுடைய வீடுகளிலும் யாரோ ஒருத்தி விழித்திருப்பாள். அவள் ஷிப்லியின் பக்கம் திரும்பினாள்.

"கண்ணைத் திறந்துகொண்டு ஓடு, தம்பி. கால் நிண்டா நிக்கட்டும். பந்தை இந்தக் கிளறன்ஸுக்குக் குடு."

"பாஸ்," என்றான் கிளறன்ஸ் பயபக்தியோடு. "நான் இவ்வளவு நாளும் கேட்டது அதுதான்."

வலன்ரைன் சிரித்தான். சிரித்ததும் விலா இழுத்தது, முனகினான். ஷிப்லி எச்சில் கையோடு பதறி எழுந்தான். அதற்குள் றோஸி போய்த் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நீ இருந்து சாப்பிடு," என்றாள். "இவர் சிரிக்கட்டும்."