எம்னாவுக்குத் தெரியாத மொழி

எம்னாவுக்குத் தெரிந்த நிரல்மொழி பிஎச்பி ஒன்றுதான். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பும் அந்த அலுவலகத்தில் முக்கால்வாசி நிரல் அவள் எழுதியது. எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதியை மட்டும் உடன் வேலைபார்த்த சிஹெப் ‘கோ’ மொழியில் எழுதிவிட்டு, ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பலமுறை கெஞ்சினான். நாற்பது வயதில் மறுபடி அரிச்சுவடியா என்று அவளுக்குப் பயம்.

“ஒரு மொழி ரொட்டி போடுது, போதும்” என்று மழுப்பினாள்.

“அப்ப அதையே கட்டிக்கிட்டு அழு” என்றான் அவன்.

ரமலானில் ஒரு மாலை. நோன்பு திறக்க ஊரே வீட்டுக்கு விரைந்துகொண்டிருந்தது. திரையில் அழைப்புகள் குவிந்தன. ஒரு வண்டிக்கும் உத்தரவு போகவில்லை. எம்னா சிஹெபின் நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். சற்று ஓடி, மீண்டும் நின்றது. சிஹெபின் தொலைபேசி அணைந்திருந்தது.

மேலாளர் நெஸீஹா பின்னால் வந்து நின்றார். “கிரெம்தா ரோட்டுல ஒருத்தர் நெஞ்சுவலியோட கெடக்கார், எம்னா. என்னம்மா ஆச்சு?”

“தெரியலை மேடம். இது எனக்குப் படிக்கத் தெரியாத மொழி.”

ஓட்டுநர்களை நேரடியாகப் போனில் கூப்பிடச் சொல்லிவிட்டு, சிஹெபின் நிரலைத் திறந்தாள். பாதிதான் விளங்கியது. தொட்டால் மிச்சமும் போய்விடுமோ என்று விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பதிவுகளைப் பார்த்தாள்: ஒவ்வொரு முறையும் நிரல் ஒரே வண்டியிடம்தான் நின்றிருந்தது. அந்த வண்டியில் உத்தரவு வாங்கும் டேப்லெட் செத்துப்போயிருந்தது. அது பதில் சொல்லும்வரை மற்ற எல்லாமே காத்துக்கிடந்தன.

நிரலைத் திருத்தத் துணிவில்லை. தான் பிஎச்பியில் எழுதிய வண்டிப் பட்டியலிலிருந்து அந்த வண்டியை மட்டும் நீக்கினாள். அழைப்புகள் நகர்ந்தன.

போனில் கூப்பிட்ட வண்டி கிரெம்தா ரோட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மனிதர் பிழைத்தார். அந்தச் செய்தி வரும்வரை அவள் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழத்தைக்கூடத் தொடவில்லை.

பிறகு சிஹெப் அழைத்தான். ஒரு வண்டியின் பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று எல்லை வைக்காதது தன் தவறு, உடனே திருத்தி அனுப்புகிறேன் என்றான்.

“நீ அனுப்பாத. எங்க, எப்படின்னு சொல்லு, நான் எழுதுறேன்.”

“பயமா இல்லையா?”

“இருக்கு. சொல்லு.”

அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டு அவள் எழுதினாள். ஓடவிடும் பொத்தானை அழுத்துமுன் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.