பாதியில் நின்ற சுவர்

பெயிண்டர் இருபது வருடமாக ஏணியில் ஏறி இறங்கியவர். ஏணியைப் பிடித்துக்கொள்ள யாராவது முன்வந்தால், "வேண்டாம், என் நிழல் பிடிச்சுக்கும்" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர், காணிக்கையாக இருக்கட்டும் என்று கூலியில்லாமல் ஆலயத்தின் முன்சுவருக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், பட்டப்பகலில் ஏணியோடு சரிந்தார். இரண்டு காலும் முறிந்தன. சுவர் பாதியில் நின்றது.

தொடை வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரை ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தாள் மனைவி. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். மாலையில் வந்ததும் கட்டிலருகே முழங்காலில் நின்று ஜெபிப்பாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு காலத்தில் ஜெபிக்காமல் பிரஷ்ஷைத் தொடாத மனிதர். இப்போது வாய் வரவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். ஒரு நாள் அதைக் கேட்டே விட்டார்.

"வேற எங்கயாவது விழுந்திருந்தா பரவாயில்ல. ஆண்டவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன என்னை அவரே கைவிடலாமா?"

"எனக்குத் தெரியலைங்க. ஆனா தலையில அடிபடல. என்கூட இப்படிச் சண்டை போட நீங்க இருக்கீங்க. அதுக்குத்தான் தினமும் நன்றி சொல்றேன்."

அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனம் ஆறவில்லை.

நாலாவது வாரம், சனிக்கிழமை காலையில் போதகர் வந்தார். ஒல்லியான இளைஞர். முழங்கையிலிருந்து காது வரை வெள்ளைப் பெயிண்ட். நீளமாக ஒரு ஜெபம் வரப்போகிறது என்று பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டார். போதகரோ தயங்கித் தயங்கி, "அண்ணே, சுவர்ல பூசின பட்டி காயறதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கலாமா?" என்று கேட்டார்.

பெயிண்டரின் கண் பட்டென்று திறந்தது. "அடிச்சிட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"எங்களுக்கு எட்டுற வரைக்கும்."

நாலு வாரமாக அசைந்து கொடுக்காத மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். தன்னை உடனே அங்கே கொண்டுபோகச் சொன்னார். எங்கிருந்தோ சக்கர நாற்காலி வந்தது. கால்களை நீட்டி வைக்க ஒரு பலகையைக் கட்டி, சபையிலிருந்து வந்த நாலு பேர் அவரைத் தூக்கிப் படியிறக்கினார்கள். மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

சுவரைப் பார்த்ததும் பெயிண்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாய் நக்கிய தட்டு மாதிரி இருந்தது. அங்கே கூடியிருந்த சபையாரிடம் எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் தலைமை ஆசிரியை, பட்டியைத் தடிப்பாக அப்பியதற்காகத் திட்டு வாங்கிவிட்டு, "சரி சார், இனிமே ஒழுங்கா செய்றேன் சார்" என்று கை கட்டி நின்றார். கூட்டமே சிரித்தது. பெயிண்டருக்கும் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்ததில் கால் வலித்தது, வலியோடும் சிரித்தார்.

பட்டி காய்ந்தபின் சுவரின் உச்சிப் பகுதிக்குப் போதகர் ஏணியில் ஏறினார். ஏணியின் காலை, ஆலயத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். முக்காலியில் நின்றாலே தலை சுற்றும் பெரிய உடம்புக்காரர். வெயில் ஏறியது. சட்டை முழுக்கப் பெயிண்ட் சொட்டியது. கொஞ்சம் உட்காரச் சொல்லிப் பார்த்தார் பெயிண்டர். தையல்காரர் நகரவில்லை.

"இல்லண்ணே. அன்னைக்கு நான் எதிர்க்கடையிலதான் இருந்தேன். வந்து பிடிக்கலாமான்னு நினைச்சேன். எப்படியும் வேண்டாம்னுதானே சொல்வீங்கன்னு விட்டுட்டேன். இனிமே நீங்க சொன்னாலும் விடமாட்டேன்."

விழுந்து கிடந்த நேரத்தில் தன் தலைக்குக் கீழே யாரோ கை கொடுத்துத் தாங்கியிருந்தது பெயிண்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கை விலகவே இல்லை. அது யார் என்று அவர் விசாரித்ததில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தையல்காரர் பக்கம் கண்ணைக் காட்டினாள். பிறகு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தம் கொடுத்தது போதகர். மதியச் சாப்பாடு, தலைமை ஆசிரியை வீட்டுச் சமையல். நாலு வாரமாக அவர் அதைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருந்தார்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. நீங்கதான் சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருந்தீங்க."

பொழுது சாயும் நேரத்தில் வேலை முடிந்தது. யாராவது ஜெபிக்கட்டும் என்றார் போதகர். தான் ஜெபிப்பதாகப் பெயிண்டர் சொன்னதும் எல்லோரும் தலைகுனிந்தார்கள்.

"ஆண்டவரே, உம்மேல கோபமாத்தான் இருந்தேன். கால் இன்னும் வலிக்குது. நீர் கைவிட்டுட்டீர்னு நினைச்சேன். ஆனா விழுந்து கிடந்தப்போ என் தலையைத் தரையில விடாம ஒரு கை தாங்குச்சு. அந்தக் கைக்கு ஸ்தோத்திரம். என் உடம்புல ஓடுற ரத்தத்துக்கு ஸ்தோத்திரம். டீச்சரம்மா சாப்பாட்டுக்கு, அதுல உப்பு குறைவா இருந்ததுக்கும் சேர்த்து, ஸ்தோத்திரம். என்னைத் துடைச்சு, என் முறைப்பையும் பொறுத்துக்கிட்ட இவளுக்கு..."

மனைவி அவர் தோளில் கை வைத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் தொடங்கினார். நாலு வாரமாகச் சொல்லாமல் விட்ட நன்றிகளெல்லாம் வரிசை கட்டி வந்தன. நின்றவர்களுக்குக் கால் கடுக்க ஆரம்பித்தது. ஒருவழியாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, தலைமை ஆசிரியை களைப்பில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். நகர்ந்தபோது, புதுப் பெயிண்டில் அவர் முதுகின் அச்சு அப்படியே விழுந்திருந்தது.

எல்லோரும் பெயிண்டர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ரோலரை இப்படிக் கொடுங்க" என்றார் அவர். நாற்காலியை அருகே தள்ளச் சொல்லி, தனக்கு எட்டிய உயரத்தில், முணுமுணுவென்று பாடிக்கொண்டே அந்த இடத்தை நிரவினார்.