மண் வளையத்துக்கு ஒரு வேலி

கமலினி செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் திரும்புகிறாள். மெல்பேர்னுக்கு வந்த நாள்முதல் அத்தானிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கிரிஜாவின் அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைத்து அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். அம்மா காத்திருக்கிறார்.

அக்காவின் கணவன் மகேந்திரராஜா ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினான். கிரிஜா இறந்து எட்டு மாதமாக அஸ்திப் பெட்டி குசினி அலுமாரியில், மாப் பேணிகளுக்குப் பின்னால் இருந்தது. அந்தத் தட்டை அவன் அவளையும் தொடவிடவில்லை.

சனிக்கிழமை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வெளியே சன்பரிக்குப் போனான். அவன் நில அளவையாளன். அங்கே புல்வெளிச் சரிவில் பாதுகாக்கப்பட்ட மண் வளையம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி வேலிக்காக அவன் முளைகள் அடித்திருந்தான். திங்கட்கிழமை வேலிக்காரர் வருமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

முன்னொரு காலத்தில் சரிவைச் சுரண்டி, மண்ணை ஓரத்தில் வட்டமாகக் குவித்திருந்தார்கள். முழங்கால் உயரம்கூட இல்லை. நடுவே வெறும் தரை.

“இதுக்குள்ளை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. வுருண்ட்ஜெரி எண்ட ஆதிக்குடிச் சனங்கள் கூடிச் சடங்கு செய்த இடம். வெள்ளைக்காரர் வர முந்தி.”

“என்ன சடங்கு?”

“அது அவையின்ரை. எல்லாம் எங்களுக்குச் சொல்ல வேணுமே?”

கமலினி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போகவில்லை, வெளியே சுற்றி நடந்தாள். வரம்புக்கும் முளைகளுக்கும் நடுவே போனபோது சேலை முளையில் மாட்டியது.

“என்ன அத்தான், நடக்கவே இடமில்லை.”

“மாடு மிதியாமல் இருக்கத்தான் வேலி.”

“மாட்டுக்குச் சரி. அவையின்ரை ஆக்கள் வந்தால் எங்கை நிக்கிறது?” அவள் சிரித்தாள். “யாழ்ப்பாணத்தாரிட்டை வேலி வேலை குடுத்தால் இப்பிடித்தான். ஒரு அங்குலம் விடமாட்டியள்.”

அவன் வேலை தந்தவர்களின் கடிதத்தை எடுத்துப் பார்த்தான். வளையத்திலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் விட வேண்டும் என்று இருந்தது. கூடுதலாக விட எந்தத் தடையும் இல்லை. அவன்தான் குறைந்ததை எடுத்திருந்தான்.

முதல் முளையைப் பிடுங்கினான்.

“அளவு நாடாவின்ரை நுனியைப் பிடி. நாலு மீற்றர் விடுவம்.”

இருபத்துநான்கு முளைகள். பாதி முடிந்தபோது நாடா தொய்ந்தது.

“இறுக்கிப் பிடி. கொக்காவைப் போலை தொய்ய விடாதை.”

எட்டு மாதத்தில் இப்போதுதான் அவளுடைய அக்காவைப் பற்றி வாய் திறந்திருந்தான். கமலினி நாடாவை இறுக்கிப் பிடித்தாள்.

“அக்கா எப்ப நாடா பிடிச்சவ?”

“குசினி யன்னலுக்குத் திரை தைக்கேக்கை. ரெண்டு அங்குலம் கட்டையாப் போச்சு. பிறகு யன்னல்தான் பிழை எண்டு சண்டை.”

“அந்தத் திரையே! நான் பாத்துப்போட்டு, தோய்ச்சுச் சுருங்கினது எண்டெல்லே நினைச்சனான்.”

இருவரும் சிரித்தார்கள். கமலினிக்குக் கண் கலங்கியது. அவன் அடுத்த முளையை அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து மாப் பேணிகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தான். பெட்டி தெரிந்தது. அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றான்.

“எடு.”

கமலினி கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள்.

“செவ்வாய்க்கிழமை போகாதை,” என்றான். “ஒரு கிழமை பொறு. லீவு கேக்கிறன். நானும் வாறன்.”

“ஓம் அத்தான்.”