ஈக்களின் ஒற்றுமை

“மனிதன் பிறப்பதற்கு முன்பே சமுதாயம் கண்டவை ஈக்கள்!”

1946-இல், மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் நின்று இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவித்தார் விலங்கியல் லெக்சரர் சுப்பராமன். உலகின் சார்பில் அங்கே இருந்தவள் அவர் மனைவி ஞானாம்பாள் மட்டும்.

“இருக்கட்டும். அழுகின வாழைப்பழத்தைக் காலேஜோட நிறுத்திக்கோங்கோ. ஆத்துக்குள்ள வந்தா ஈயும் வெளியில, நீங்களும் வெளியில.”

இதற்கெல்லாம் அசைகிறவரா சுப்பராமன்? இரு முனையிலும் மல்துணி கட்டிய நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் கட்டம் போட்ட தாள். உள்ளே பழ ஈக்களை விட்டு, ஒரு முனையில் குனிந்து, ஈக்கும் ஈக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளப்பார். அவர் குனிந்ததுதான் தாமதம், அத்தனை ஈயும் மறுமுனையில் போய் ஒன்றாக மொய்த்துக்கொள்ளும். என்ன ஒற்றுமை! அந்தக் கணக்குக்கு, வேறு பெயர் அகப்படாததால், ‘சுப்பராமன் எண்’ என்றே பெயர் வைத்தார். காலியாகிவிட்ட துறைத்தலைவர் பதவிக்கு அந்த எண்ணே போதும் என்பது அவர் தீர்மானம்.

ஆளைத் தேர்ந்தெடுக்க அடையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் வேதநாயகம் காலேஜுக்கு வந்தார். அவர் வருமுன் ரசாயனத் துறை மெஹபூப் அலி சுப்பராமன் காதைக் கடித்தார்:

“சார், இன்னிக்கு ஒரு நாள் மூக்குப்பொடி போடாதீங்க. அந்த மனுஷருக்கு வாசனையே ஆகாதாம்.”

“விஞ்ஞானத்துக்காக மூக்கை அடக்க மாட்டேனா, பாய்?”

மூக்கையும் விரலையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சுப்பராமன் குழாயண்டை குனிந்தார். ஈக்கள் இஷ்டத்துக்கு உலாவின. இரண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து காலைத் தேய்த்தன.

“சமுதாயம் எங்கேய்யா?” என்றார் வேதநாயகம்.

“வெட்கம் சார்! பொண்ணு பார்க்க வந்தா கூசாதா? ஒரு நிமிஷம்.”

கை பரபரத்தது. வராந்தாவுக்குப் போய், பொடி மட்டையைப் பிரித்து, தைரியத்துக்கு ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு வந்து குனிந்தார். ஈக்கள் அலறிப் புடைத்துக்கொண்டு மறுமுனைக்குப் பறந்தன.

“பாத்தேளா! ஒத்துமை!”

வேதநாயகம் ஈக்களைப் பார்த்தார். சுப்பராமனின் மூக்கைப் பார்த்தார்.

“சரி, அந்த முனைக்குப் போய்க் குனியும்.”

போனார். ஈக்கள் மொத்தமும் இந்த முனைக்கு வந்துவிட்டன. மெஹபூப் அலி இருமுவதுபோல் சிரித்தார்.

“மூணு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பினதில்லை, சார்!” என்றார் சுப்பராமன், நெஞ்சை நிமிர்த்தி.

வேதநாயகம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தம் நாற்காலியை ஈக்கள் இருந்த பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.