கூரை வேலைக்கு ஏற்ற மாதம்

மருந்துக்கடைக்காரி அந்தப் பழைய நீரேற்று நிலையத்துக்கு முதன்முதலில் போனது வவ்வால் மேல் கொண்ட பிரியத்தால் அல்ல. ஊரில் விஷக்காய்ச்சல் பரவியிருந்த நேரம். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அந்த ஓட்டுக் கட்டடத்து வவ்வாலாலதான் காய்ச்சல் வருதாமே? கொளுத்திட்டா என்ன?"

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு மதியம் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள். ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையிலிருந்த வெதுவெதுப்பில், கட்டைவிரல் அளவு வவ்வால்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்கின. திரும்பி வந்து படித்தாள், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டாள். காய்ச்சலைப் பரப்பியது கொசு. அந்தக் கொசுவைத் தின்று தீர்ப்பவை இவை. அன்றிலிருந்து மாத்திரையோடு இந்தச் சேதியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினாள். யாரும் கொளுத்தவில்லை. ஆனால் அவளுக்கு 'வவ்வால் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கட்டடம்தான் தாங்கவில்லை. சட்டங்கள் உளுத்து, கூரை நடுவில் தொய்ந்தது. உள்ளூர் உயிரினங்களைக் காக்கச் சிறு மானியம் தரும் ஒரு நிதியம் இருப்பதை அறிந்து விண்ணப்பித்தாள். நிதியத்தின் அலுவலர், ஐம்பதை எட்டிய பெண்மணி, தானே வந்து ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பரிந்துரைத்தார். கூரை வேலையை அவளுடைய அண்ணன் ஏற்றுக்கொண்டான். அவன் மேஸ்திரி.

"வவ்வால் வீட்டுக்கு வவ்வால் வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்குறேன்னு சொல்வாங்க. கடைசியில என்னையும் தொங்க விட்டுட்டியே!" என்று சிரித்தான். வந்த வேறு வேலைகளை விட்டுவிட்டு நல்ல மரமாகப் பார்த்து வாங்கி வைத்தான்.

வவ்வால்கள் இல்லாத குளிர்காலத்தில் வேலை என்றுதான் அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். ஆனால் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து அனுமதி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தாய் வவ்வால்கள் குட்டி போட அந்தக் கூரைக்குள் கூடும் பருவம் அது.

அவள் அலுவலரின் அறைக்குப் போனாள்.

"மேடம், குட்டிங்க பறக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க முடியாதா?"

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நிதியாண்டு முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சாகணும்மா. இல்லன்னா பணம் திரும்பிப் போயிடும். மேல கேட்டுப் பாத்துட்டேன். மனசு இல்லாம சொல்லல, எனக்கு வழி இல்ல."

அண்ணன் அன்று மாலையே கடைக்கு வந்துவிட்டான். மருந்து வாங்க நின்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்தான்.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாயிடுச்சு. இந்த மழைக்குக் கூரை நிக்காது பாப்பா. விழுந்தா மொத்தமும் போயிடும். இப்போ பிரிச்சா கொஞ்சம் போகும். எது மேல்?"

அவன் சொன்னதில் தவறில்லை.

"ஒரு ஓரத்துல ரெண்டு ஓட்ட எடுத்துப் பாக்கறேன். இன்னும் குட்டி போடலன்னா அங்கிருந்தே ஆரம்பிச்சிடலாம்."

குட்டிகள் இன்னும் பிறந்திருக்காது என்று அவளும் நம்ப விரும்பினாள். "சரி, மெதுவா" என்றாள்.

மறுநாள் காலை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மேலேறி ஓர் ஓட்டை நகர்த்தினான். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் கூரைக்குள் சரசரவென்று கலவரம். தாய்கள் நாலாபக்கமும் சிதறின. சிலவற்றின் வயிற்றை ரோமமில்லாத குட்டிகள் கவ்விக்கொண்டிருந்தன. ஒரு குட்டியின் பிடி நழுவியது. சிமென்ட் தரையில் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் ஓட்டைப் பழையபடி மூடிவிட்டு இறங்கினான். அவள் அந்தக் குட்டியை உள்ளங்கையில் எடுத்தாள். வேர்க்கடலைத் தோல்போல மெல்லிய இறக்கை ஒருமுறை விரிந்து சுருங்கியது. பிறகு அசைவில்லை. நானும்தானே சரி என்றேன் என்று நினைத்தாள்.

"நான் பாத்துட்டேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான் அண்ணன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அன்றே அவள் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தாள். "வேலைய ஆரம்பிக்கப் போறதில்ல மேடம். பணத்தத் திருப்பி எடுத்துக்குங்க."

அலுவலர் வற்புறுத்தவில்லை. "அடுத்த வருஷம் கேளுங்க. கிடைக்கும்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது. ஆனா இங்க நடந்தத அப்படியே எழுதி மேல அனுப்பறேன்."

அதன்பின் அண்ணன் கடைப்பக்கம் வரவில்லை. கோபமா, வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவள் கட்டடத்துக்குப் போனபோது, தொய்ந்த கூரையைத் தாங்கி உள்ளே புது மரங்கள் நின்றன. கூரைக்கென்று வாங்கிய அதே மரங்கள். யாரிடமும் சொல்லாமல் முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

மழை வந்தது. முட்டுக் கொடுத்தும் மேற்குப் பாதி சரிந்தது. கிழக்குப் பாதி நின்றது. அடுத்த ஆண்டு மானியம் ஓர் ஆற்றங்கரைத் திட்டத்துக்குப் போனது. சரிந்த பக்கத்தில் செடி முளைத்தது. வந்த வவ்வால்கள் முன்பைவிடக் குறைவு. கடையில் நிற்கும்போதுகூட அவளுக்கு அந்தக் கூரை நினைவுதான்.

அதற்கும் அடுத்த ஆண்டு அலுவலரே கடைக்கு வந்தார். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார். "விதிய மாத்திட்டாங்கம்மா. குட்டி போடுற இடமா இருந்தா, வேலைக்கான மாசத்த அந்த உயிர வச்சுத்தான் முடிவு பண்ணணும். நிதியாண்ட வச்சு இல்ல. அதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "மரம் பாக்கப் போகலாம், வா" என்றான். அவ்வளவுதான்.

அவள் மறுபடி விண்ணப்பித்தாள்; இந்த முறை மானியம் கிடைத்தது. குளிர்காலத்தில், உள்ளே எதுவும் இல்லாத நாட்களில், நின்ற பாதியை அண்ணன் பிரித்துக் கட்டினான். மானியம் அதற்குத்தான் எட்டியது. சரிந்த பாதி சரிந்தபடியே கிடந்தது.

வெயில் ஏறிய பருவத்தில் ஒரு மாலை அவள் நிலையத்துக் கதவில் காதை வைத்து நின்றாள். அண்ணன் சைக்கிளை நிறுத்தினான்.

"வந்திருக்கா?"

"வந்திருக்கு. குட்டிச் சத்தம் கேக்குது."

"நிறையவா?"

"தெரியல. நான் கதவத் திறக்கல."

அவன் தலையாட்டினான். சத்தம் போடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு சாலைவரை நடந்து வந்தான்.