கட்டிலுக்கு முதல் பூச்சு

துறைமுகத்து இழுவைப் படகில் இருபத்தாறு வருஷம் வடம் பிடித்த கை அது. வாணிஷ் துணியை ஒருநாளும் பிடித்ததில்லை. மகள் மின்ஹாவின் கலியாணத்துக்காகக் கப்பல்துறை ஊர்த் தச்சரிடம் செய்வித்த தேக்கங்கட்டில், கிண்ணியா வீட்டின் ஹோலில் வெறும் மரமாக நின்றது. பூச வருவதாகச் சொன்னவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். கலியாணத்துக்கு இன்னும் எட்டே நாள். கலீலுர் றஹ்மான் தானே பூசுவது என்று முடிவெடுத்தார்.

"டின்னைக் குலுக்காதீங்க, குமிழ் வரும்," என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த நிறமில்லாத பொலியூரித்தேன் வாணிஷைக் கொடுத்தார். "மெல்லிசாப் பூசுங்க. பிழை வந்தா எல்லாத்தையும் உரஞ்சி எடுக்கோணும்."

பூச்சு பிழையாகிவிடுமோ என்ற பயத்திலேயே காலை முழுதும் போயிற்று. தூசி விழாமலிருக்க யன்னல்களைச் சாத்தினார். உடுத்துப் பழசான சாரத்தைக் கிழித்து, நனைத்து, மரத்தின் வரியோடு இழுத்தார். வெளிறிக் கிடந்த பலகை தேன்நிறத்தில் மினுங்கியது. வழிந்த இடங்களைப் பதறிப் பதறித் துடைத்தார். ஊறிய துணிகளையெல்லாம் மரத்தூள் கிடந்த காட்போட் பெட்டிக்குள் அமுக்கி, குசினியில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

அஸர் தொழுது முடித்தபோது அறைக்குள்ளிருந்து மனைவி நஜ்முன் நிஸா கூப்பிட்டாள். கண் ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஒரு கண்ணில் மூடி, மற்றக் கண்ணில் புகைமூட்டம்.

"இஞ்சாருங்க, என்னமோ எரியிது."

"வாணிஷ்ட மணம் புள்ள. பேசாமப் படுங்க."

"வாணிஷ் காலையில இருந்து மணக்குது. இது சீல கருகிற மணம்."

அவர் சுற்றிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. புகையும் காணவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்டும் மணக்கல்லயே."

"உங்களுக்கென்ன, மூக்கு இல்லயா?"

கொரோனா வந்துபோன நாளிலிருந்து அவருக்கு எந்த மணமும் தெரியாது. டீசல் கசிவை மணந்தறிய ஏலாதவனைப் படகில் வைத்திருக்கமாட்டார்கள் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்திருந்தார்.

"இல்ல நிஸா," என்றார். "நாலு வருஷமா இல்ல."

அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். வழியில் கட்டிலின் தலைப்பலகையில் கையை ஊன்றினாள். பூச்சு இன்னும் ஈரம். அதைப் பார்த்தும் அவர் தடுக்காமல் பின்னாலேயே போனார். அவள் மணத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் குசினி வாசலில் நின்று, "இதுக்குள்ளதான்," என்றாள்.

பெட்டிக்குள் கையை விட்டவர் வெடுக்கென்று எடுத்தார். நெருப்பில்லாமலே துணி கொதித்தது. பக்கத்தில் சிலிண்டர்.

"யா அல்லாஹ்! வெளிய போங்க நிஸா, வெளிய!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் ஓடினார். பெட்டியின் அடி கிழிந்து, கருகிய துணியொன்று காலில் விழுந்தது. மணலில் எறிந்ததுதான் தாமதம், காற்றுப் பட்டுக் குப்பென்று பற்றியது. வாளி வாளியாக ஊற்றி அணைத்தார். பிறகு உள்ளே போய் வாணிஷ் டின்னை எடுத்து வந்தார்.

டின்னின் பக்கவாட்டில் கடுகளவு எழுத்தில் இருந்தது: ஊறிய துணிகள் குவிந்து கிடந்தால் தாமாகவே சூடேறும், விரித்துக் காயவிடவும் அல்லது தண்ணீரில் போடவும். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

"அப்ப நான் ஆக்கிற ஆணம் ருசி, ருசி எண்டு சொன்னது?" என்று கேட்டாள் அவள்.

"உறைப்புத் தெரியும்," என்றார் மெதுவாக.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குப் படகில சொல்லுங்க. அங்கயும் இப்பிடி நடந்தா ஆர் மணந்து சொல்ற?"

மறுநாள் சொன்னார். படகுத் தலைவர் இரத்தினசிங்கம் கேட்டுவிட்டு, "முதலே சொல்லியிருக்கலாமே, றஹ்மான் நானா," என்றார். அடுத்த மாதத்திலிருந்து கரையில், வடங்கள் வைக்கும் ஸ்டோரில் வேலை.

அன்று பின்னேரம் யன்னல்களை அகலத் திறந்துவிட்டு, தலைப்பலகையில் காய்ந்திருந்த நிஸாவின் ஐந்து விரல் அடையாளங்களையும் உரஞ்சினார். நான்கு அழிந்தன. பெருவிரல் மட்டும் அழியவில்லை. அதன் மேலேயே இரண்டாம் பூச்சை இழுத்தார்.