தங்கையன் வீட்டு டிரெயிலர்

மாடு பிடிக்கப் போனாலும் வண்டி வாங்கப் போனாலும் எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. கூட ஒரு ஆள் வேண்டும். அவர் சுற்றிப் பார்த்து "எடுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் முன்பணம் கைமாறும். தனுவச்சபுரத்துத் தங்கையன் இதில் ரொம்பக் கறார்.

"நீரு ஒத்தைக்கு வந்து எடுத்துட்டுப் போவீரு. வழியில சக்கரம் கழண்டா, தங்கையன் ஏமாத்திப்போட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவீரு. உமக்க ஆளு ஒருத்தரைக் கூட்டிட்டு வாரும் ஓய்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் வீட்டுத் தென்னைமரத்து மூட்டில் கிடந்தது, பட்டாளத்து ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற இரண்டு சக்கர டிரெயிலர். உலகச் சண்டை முடிந்தபின் ஏலத்தில் வந்த சாமான். அதற்கு ஏர்க்கால் வைத்து மாடு பூட்டி, மேலே மூங்கில் வளைத்துத் தகரம் போட்டால் அதிலேயே குடியிருக்கலாம் என்பது என் யோசனை. ஆர்மோனியம் பழுது பார்க்கிறவனுக்குக் கிறிஸ்தவச் சபை சபையாக அலைந்தால்தான் கஞ்சி. பாறசாலையிலிருந்து கோட்டுகால் வரைக்கும் போக வேண்டும். வீடும் கூடவே வந்தால் நல்லதுதானே என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீடு எனக்கு இருந்தது. அந்த வீட்டில் அண்ணன் எலியா என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் அடித்து அண்ணனுக்கு வலது கை ஒடிந்தது. அதே வாரம் நான் நெய்யாற்றின்கரையில் ஒரு போலீஸ்காரர் வீட்டு ஆர்மோனியத்துக்குத் துருத்தி தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆர்மோனியமா அவரை அடித்தது? இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அன்றோடு பேச்சு நின்றது. மதினி சத்தியபாய் கையால் எனக்குச் சோறு மட்டும் வரும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதருக்கு நான் சுவரில் அடித்த ஆணி. அந்த வீட்டில் இருப்பதற்கு ரோட்டில் கிடக்கலாம் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

அவரை விட்டால் எனக்கென்று கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? மதினியிடம் அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"தங்கையனுக்க டிரெயிலரைப் பாக்க ஒரு ஆளு வேணும் மதினி."

மறுநாள் காலையில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். எனக்கு முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வந்ததே எனக்குக் கோடி பெறும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த டிரெயிலர் வேண்டாம். "இது உனக்குச் சரிப்படாது மக்கா, வீட்டுக்கு வா" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்குத்தான் அவரை அத்தனை தூரம் நடக்க வைத்தேன்.

அண்ணன் சக்கரங்களை உலுக்கிப் பார்த்தார். டயரை நகத்தால் அழுத்தினார். துரு எங்கே எவ்வளவு தின்றிருக்கிறது என்று தரைத்தகட்டைத் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு மண்ணில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். அங்கே பாரம் தாங்குகிற வில்லுப்பட்டையில் ஒரு விரிசல் இருப்பது எனக்கு முன்னமே தெரியும். அவர் கண்ணில் படட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை விரல் அந்த இடத்தில் வந்து நின்றது.

"தங்கையா, வில்லுப்பட்டையில விரிசல் உண்டும்."

"நான் பாக்கல்ல, கேட்டீரா" என்றார் தங்கையன்.

இப்போது சொல்லிவிடுவார் என்று நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"கொல்லன்கிட்ட கொண்டுபோயி மாத்திக் குடும். மனுசன் கிடந்து உறங்குத வண்டியாக்கும்."

அவ்வளவுதான். எழுந்து முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, நீளம் பார்க்க வண்டிக்குள் ஏறினார். முன்னால் இருக்க வேண்டிய ஊன்றுகால் ஒடிந்து போயிருந்தது. யாராவது தூக்கிப் பிடிக்காவிட்டால் வண்டி முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். நான் ஓடிப்போய் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் படுத்தார். ஒடிந்த கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினார். இடது ஓரத்தில் ஒட்டிப் படுத்திருந்தார். சிறுவயதில் ஒரே பாயில் கிடந்தபோது எனக்கு இடம் விட்டு அப்படித்தான் படுப்பார். அவருக்கு வலது பக்கம் ஒரு ஆள் படுக்க இடம் கிடந்தது. அவருடைய கனம் முழுக்க என் கைகளில் இருந்தது. இப்படியே கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று ஆசையாக இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்து இறங்கினார்.

"ஒரு ஆளுக்குத் தாராளம்" என்றார் தங்கையனிடம். "எடுக்கலாம்."

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு வெயிலில் இறங்கி நடந்தார். தங்கையன் முன்பணத்துக்குக் கையை நீட்டினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"கம்பியை விடும் ஓய்" என்றார் தங்கையன். "அவரு எப்பமே எறங்கியாச்சு."